மூன்றாவது கை: ஒரு மடக்கு மேசையின் வரலாறு

1961ஆம் ஆண்டு. இங்கிலாந்தில், முப்பது வயதை எட்டாத ஒருவர் தம் வீட்டுக்கென்று துணி அலமாரி ஒன்றைத் தாமே செய்துகொண்டிருந்தார். பலகையை அறுக்கத் தச்சுமேசை இல்லை. கைக்கு எட்டிய நாற்காலியின் மேல் பலகையைக் கிடத்தி ரம்பத்தை இழுத்தார். பலகையோடு நாற்காலியும் சேர்ந்து அறுபட்டது. அது சுவீடன் நாட்டு வேலைப்பாடு, விலையும் அதிகம். அவர் பெயர் ரான் ஹிக்மன். பிற்காலத்தில் உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்த ‘ஒர்க்மேட்’ என்னும் மடக்கு மேசையின் பிறப்பு இந்த இழப்பிலிருந்து சொல்லப்படுகிறது.

கருவிகளின் பிறப்புக் கதைகளை நாம் சற்று ஐயத்தோடுதான் கேட்க வேண்டும். ஆப்பிள் விழுந்தது, கெண்டியின் மூடி துள்ளியது என்று சொல்லிச் சொல்லியே பல ஆண்டு உழைப்பை ஒரு நொடியாகச் சுருக்கிவிடுவது உலக வழக்கம். இந்த நாற்காலிக் கதையை ஹிக்மனே பலமுறை சொல்லியிருக்கிறார் என்பதால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் நாற்காலி அறுபட்ட ஆண்டுக்கும் அவர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த 1968ஆம் ஆண்டுக்கும் நடுவே ஏழு ஆண்டுகள் கிடக்கின்றன. நமக்குச் சுவையானது அந்த ஏழு ஆண்டுகளும் அதற்குப் பிந்தைய நான்கு ஆண்டுகளும்தாம்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்த்துவிடுவோம். மரவேலை என்றதும் உளி, இழைப்புளி, ரம்பம், கொட்டாப்புளி ஆகியவையே நினைவில் எழுகின்றன. இவையெல்லாம் வெட்டுகிற, சீவுகிற, அடிக்கிற கருவிகள். இவற்றுக்கு எதிரே அசையாமல் கிடக்க வேண்டிய மரத்தை எது பிடித்துக்கொள்கிறது என்ற கேள்வி நம் மனத்தில் எழுவதே இல்லை. நம் இலக்கியத்தில் தேர் வரும், யாழ் வரும், கதவின் தாழ் வரும்; அவற்றைச் செய்த தச்சனின் கைத்திறமும் வரும். செய்யும்போது மரத்தை அழுத்திக்கொண்டிருந்த காலைப் பற்றிப் பேச்சு குறைவு. காலைத்தான் சொல்கிறோம். தமிழ்நாட்டுத் தச்சர்கள் தரையில் அமர்ந்து, பாதத்தாலும் கால்விரல்களாலும் மரத்தைப் பற்றிக்கொண்டு உளி பிடிப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அங்கே உடலே பிடிகருவி. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை இருக்கிற வீட்டுக்கே போகிற கலைஞனுக்கு அதைவிடக் கைக்கடக்கமான மேசை வேறு இருக்க முடியாது.

ஐரோப்பாவில் வேறு வழி கிளைத்தது. ரோமானியர்களும் தொடக்கத்தில் தாழ்வான பலகைகளையே பயன்படுத்தினார்கள். ஜெர்மனியில் சால்பர்க் என்னும் ரோமானியக் கோட்டையின் கிணறுகளிலிருந்து அத்தகைய பலகைகள் கிடைத்திருக்கின்றன. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையால் புதையுண்ட ஹெர்குலேனியம் நகரத்துச் சுவரோவியம் ஒன்றில் சிறகு முளைத்த குழந்தைகள் தச்சுவேலை செய்கிறார்கள். அவர்களுடைய மேசையில் துளைகள் இருக்கின்றன, மரத்தை அழுத்திப் பிடிக்கும் வளைந்த இரும்புக் கொக்கியும் இருக்கிறது. துளையில் செருகித் தலையில் ஓர் அடி கொடுத்தால் இறுகிக்கொள்ளும். பின்புறம் ஓர் அடி கொடுத்தால் விட்டுவிடும். இதே கொக்கியை இன்றும் மரவேலைக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பது வியப்புக்குரிய செய்தி.

பிறகு மேசை உயர்ந்தது, தடித்தது. பாரிஸ் நகரத்தில் தச்சராகவே வாழ்ந்த ஆந்த்ரே ழாகோப் ரூபோ, 1769 முதல் வெளியிட்ட தம் பெருநூலில் வரைந்து காட்டிய மேசை அந்த மரபின் உச்சம் எனலாம். ஒரே மரத்தின் கனத்த மேற்பலகை. தூண்போன்ற நான்கு கால்கள். எவ்வளவு வேகமாக இழைப்புளியைத் தள்ளினாலும் அசையாது. அசையாமையே அதன் அறம். எடை கூடக் கூட மேசை நல்ல மேசையாகும் என்பது இரண்டு நூற்றாண்டுகளுக்கு யாரும் கேள்வி கேட்காத உண்மையாக இருந்தது.

ரூபோவுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, லண்டன் அச்சாளர் ஜோசப் மாக்ஸன் கைத்தொழில்களைப் பற்றித் தவணை முறையில் எழுதிய நூலில் வேறொரு சிறு பொருளைக் குறிப்பிட்டிருந்தார். இரண்டு மரக்கட்டைகள், அவற்றை நெருக்குவதற்கு இரண்டு முனையிலும் தனித்தனித் திருகு. (இதே மாக்ஸன்தான் பின்னர் 1683இல் அச்சுக்கலை பற்றிய முதல் விரிவான ஆங்கிலக் கையேட்டை வெளியிடத் தொடங்கியவர். எழுத்தைக் கோப்பதையும் மரத்தைக் கோப்பதையும் ஒரே கண்ணால் பார்த்த அந்த மனிதரைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.) இந்த இரட்டைத் திருகை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

இனி 1950களின் பிரிட்டனுக்கு வருவோம். போருக்குப் பின் வீடுகள் பழுதடைந்து கிடந்தன. கூலிக்கு ஆள் வைப்பது நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டுக்காரரே சுத்தியலை எடுக்கும் வழக்கம் இயக்கமாகப் பரவியது. ‘டூ இட் யுவர்செல்ஃப்’ என்ற பெயரிலேயே 1957இல் ஓர் இதழ் தொடங்கியது. பிபிசி தொலைக்காட்சியில் பாரி பக்னல் என்பவர் கதவுக்கு அட்டைப்பலகை அடிப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்; 1962இல் பழைய வீடு ஒன்றையே வாரந்தோறும் படப்பிடிப்புக் கருவியின் முன் புதுப்பித்துக் காட்டினார். (அவருடைய பேச்சைக் கேட்டு எத்தனையோ விக்டோரியா காலத்துக் கதவுகளின் அழகிய வேலைப்பாடுகள் தட்டைப் பலகைக்குள் மறைந்துபோயின என்று பின்வந்த தலைமுறை வருந்தியது. அது வேறு கதை.)

இதற்கு இணையாக இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1910இல் தொடங்கப்பட்ட பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், துப்பாக்கிப் பிடியும் விசையும் கொண்ட மின்துறப்பணத்துக்கு 1917இல் காப்புரிமை பெற்றிருந்தது. 1946இல் வீட்டுப் பயன்பாட்டுக்கென்றே மலிவான மின்துறப்பணங்களை விற்கத் தொடங்கியது. வீட்டுக்காரர் கையில் இப்போது மின்விசை. ஆனால் மின்கருவி மரத்தைத் துளைக்கும்போது மரத்தைச் சுழற்றவும் பார்க்கிறது. கைத்துறப்பணத்தில் மெல்ல மெல்ல உணர்ந்து திருத்திக்கொள்ளலாம். மின்துறப்பணத்தில் அந்த அவகாசம் இல்லை. மேலும் அதை இயக்கப் பெரும்பாலும் இரண்டு கைகளும் வேண்டும். மரத்தைப் பிடிப்பது யார்? மனைவியோ மகனோ முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கொஞ்சம் நேரம் ஆனால் கை தளரும். ரூபோவின் மேசையை அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு ஏற்ற முடியாது. ஏற்றினாலும் வைக்க இடமில்லை. சமையலறை மேசை, மாடிப்படி, நாற்காலி ஆகியவையே தச்சுமேசைகள் ஆயின. ஹிக்மனின் நாற்காலி அந்த ஆண்டுகளில் அறுபட்ட ஒரே நாற்காலியாக இருந்திருக்காது. அறுபட்டதும் வரைபலகையை எடுத்தவர் அவர் என்பதே வேறுபாடு.

அவர் அதற்குத் தகுந்தவராகவும் இருந்தார். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் கிரேடவுன் என்னும் சிற்றூரில் 1932இல் பிறந்தவர். கார் வரைவதில் பித்து. 1950களின் நடுவில் லண்டன் வந்து, கொஞ்ச காலம் இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்து, பிறகு ஃபோர்டு நிறுவனத்தில் கார்களின் மாதிரி உருவங்களைச் செய்யும் பணியில் சேர்ந்தார். அங்கிருந்து காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம். 1962இல் வெளிவந்த லோட்டஸ் எலான் காரை வடிவமைத்தவர் ஹிக்மனே. கார்களில் ஆர்வமில்லாதவர்களும், பழைய ‘அவெஞ்சர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் எம்மா பீல் ஓட்டிவந்த சிறிய திறந்த காரை நினைவுகூரலாம், அதுதான் எலான். அந்தக் காரின் இரகசியம் அதன் எடையின்மை. தகட்டை மடித்துச் செய்த ஒற்றை முதுகெலும்பு. மேலே கண்ணாடியிழை உடல். தேவையற்ற இரும்பு ஒரு பிடிகூட இருக்கக் கூடாது என்பது சாப்மனின் கோட்பாடு.

இந்தக் கோட்பாட்டைத் தச்சுமேசையின் மேல் பொருத்திப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டு மரபு எடையே உறுதி என்கிறது. லோட்டஸ் பட்டறையில் பயின்ற மனமோ எடையைப் பகையாகப் பார்க்கிறது. அப்படியானால் உறுதி எங்கிருந்து வரும்? ஹிக்மன் கண்ட விடை எளியது: மேசையைப் பயன்படுத்துகிறவனிடமிருந்தே வரும். மேசையின் அடியில் ஒரு படியை வைத்தார். வேலை செய்பவர் ஒரு காலை அதன்மேல் ஊன்றிக்கொண்டால் அவருடைய உடல் எடையே மேசையைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். நம் தச்சர் பாதத்தால் செய்ததை வேறொரு வழியில் மீண்டும் வந்தடைந்ததாகவே இது நமக்குப் படுகிறது. அவர் இந்தியத் தச்சர்களைப் பார்த்துக் கற்றார் என்று சொல்ல வரவில்லை. ஒரே சிக்கலுக்கு உடலைக் கேட்டால் உடல் ஒரே விடையைத்தான் சொல்கிறது.

மேற்பகுதியில்தான் கூர்மை அதிகம். வழக்கமான தச்சுமேசையில் மேற்பலகை ஒன்று, அதன் ஓரத்தில் பொருத்திய இடுக்கி வேறொன்று. (பட்டறைகளில் ‘வைஸ்’ என்றும், தொழிற்பயிற்சி நூல்களில் ‘பிடிச்சிராவி’ என்றும் வழங்குவது.) ஹிக்மன் இவ்விரண்டையும் ஒன்றாக்கினார். மேற்பலகை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்திருக்கும். பின்பலகை நிலையானது, முன்பலகை நகரும். அவ்விரு பலகைகளே இடுக்கியின் தாடைகள். மேசை முழுவதும் வாய் என்றும் சொல்லலாம், வாய் முழுவதும் மேசை என்றும் சொல்லலாம். முன்பலகையை நகர்த்த இரண்டு முனையிலும் தனித்தனித் திருகும் கைப்பிடியும். ஒன்றை அதிகமாகவும் மற்றதைக் குறைவாகவும் திருகினால் தாடைகள் சாய்ந்து நிற்கும். ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் உள்ள கட்டையையும் அப்படியே கவ்விக்கொள்ளும். மாக்ஸனின் இரட்டைத் திருகு மூன்று நூற்றாண்டுகள் கழித்து மடக்கு மேசைக்குள் வந்து அமர்ந்தது.

பலகைகளில் துளைகள் இருக்கும்; அவற்றில் முளைகளைச் செருகிக்கொள்ளலாம். தாடைக்குள் அடங்காத அகலமான பலகையை, வட்டமான தட்டை, கோணல்மாணலான எதையும் மேசையின் மேல் கிடத்தி, நான்கு முளைகளுக்கு இடையில் நெருக்கிப் பிடிக்கலாம். துளையில் எதையோ செருகி மரத்தைப் பிடிப்பது என்ற அளவில் ஹெர்குலேனியத்துக் கொக்கியின் தொலைதூர உறவினர்கள் இந்த முளைகள். தாடையின் உள்விளிம்பில் ஓடும் சிறிய பள்ளத்தில் குழாயை வைத்து இறுக்கினால் உருளாது. கால்களை விரித்தால் ஆள் நின்று வேலை செய்யும் உயரம். கீழ்க்கால்களை மட்டும் மடித்தால் ரம்பம் இழுக்கத் தோதான முழங்கால் உயரம். முழுவதும் மடித்தால் சுவரில் மாட்டிவிடலாம். இவற்றுள் எந்த ஒன்றும் தனியே புதிதில்லை. எல்லாவற்றையும் ஒரு கையால் தூக்கிச் செல்லக்கூடிய ஒன்றுக்குள் அடக்கியதே புதிது.

ஹிக்மன் 1967இல் லோட்டசை விட்டு விலகினார். மறு ஆண்டு தம் மேசையோடு கருவி நிறுவனங்களின் கதவுகளைத் தட்டினார். பிளாக் அண்ட் டெக்கர் வேண்டாம் என்றது. ஸ்டான்லி நிறுவனம் இதை நூற்றுக்கணக்கில் விற்க முடியாது, டஜன் கணக்கில்தான் விற்கலாம் என்று கணித்தது. இப்படியே இன்னும் சில மறுப்புகள்.

அந்த மேலாளர்களை இப்போது எள்ளி நகையாடுவது மிக எளிது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. அவர்கள் தொழிலை அறிந்தவர்கள். தொழிலை அறிந்ததே அவர்களுக்குத் தடையாயிற்று என்று தோன்றுகிறது. தச்சரிடம் மேசை இருக்கிறது. அவருக்கு இது தேவையில்லை. மேசை இல்லாதவர் தச்சரில்லை. அவர் எதற்கு இதை வாங்குவார்? இந்தத் தருக்கத்தில் பிழையே காண முடியாது. தச்சரும் அல்லாத, தச்சுவேலையை விடவும் மாட்டாத ஒரு புதிய மனிதன் பிறந்துவிட்டான் என்பதை மட்டும் அது கணக்கில் எடுக்கவில்லை. அம்மனிதனுக்கு மின்துறப்பணத்தை விற்றுக்கொண்டிருந்த நிறுவனமே அவனைக் காணவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஹிக்மன் தாமே செய்து, தாமே விற்கத் துணிந்தார். விளம்பரம், அஞ்சல்வழி விற்பனை, கண்காட்சிகளில் நேரடியாகச் செய்துகாட்டல். முதலில் வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் கட்டடத் தொழிலாளர்கள் என்பது கவனிக்கத்தக்கது. மேலாளர்களின் தருக்கம் இங்கேயும் பொய்த்தது. முறையான தச்சரிடம் மேசை இருந்தது உண்மை. ஆனால் அது அவருடைய பட்டறையில் இருந்தது. கதவு மாட்டும் இடத்துக்கு அது வராது. வேலை இருக்கும் இடத்துக்கே போகிற மேசை அவருக்கும் தேவைப்பட்டது. நம் ஊர்த் தச்சர்கள் இதைச் சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் யார் கேட்டார்கள்?

சொந்த விற்பனை ஆயிரக்கணக்கை எட்டிய பிறகு, 1972இல் பிளாக் அண்ட் டெக்கர் தன் முடிவை மாற்றிக்கொண்டது. 1973இல் பேரளவு உற்பத்தி தொடங்கியது. விற்கும் ஒவ்வொரு மேசைக்கும் ஹிக்மனுக்கு உரிமத்தொகை என்பது ஏற்பாடு. தொடக்ககால மேசைகளின் வார்ப்பு அலுமினியச் சட்டங்கள் காலப்போக்கில் விலை குறைந்த எஃகுத் தகட்டுக்கு வழிவிட்டன. 1981க்குள் ஒரு கோடி மேசைகள் விற்றிருந்தன. டஜன் கணக்கு என்று சொன்னவர்களுக்கு இதைவிட மரியாதையான பதில் இருக்க முடியாது.

விற்கும் பொருளுக்குப் போலிகள் வருவது இயல்பு. ஹிக்மனும் நிறுவனமும் நீதிமன்றப் படிகளில் ஏறினார்கள். இங்கே எழும் கேள்வி இலக்கியக்காரர்களாகிய நமக்கும் அந்நியமானதன்று. திருகு பழையது, முளை பழையது, மடக்குக் கால் பழையது. பழையவற்றைச் சேர்த்ததில் உமக்கு என்ன உரிமை என்பது போலி செய்வோர் எப்போதும் வைக்கும் வாதம். பார்த்த பிறகு எல்லாருக்கும் எளிதாகத் தெரிவது, பார்ப்பதற்கு முன் ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது அதற்கு மறுமொழி. ‘ஹிக்மன் எதிர் ஆண்ட்ரூஸ்’ என்ற வழக்கு 1983ஆம் ஆண்டின் ஆங்கிலக் காப்புரிமைத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. சொற்கள் எல்லாம் அகராதியில் உள்ளவைதாமே, கவிஞனுடையது எது என்று கேட்பவர்களுக்கு இந்த வழக்கை எடுத்துக்காட்டலாம். இப்படிச் சொல்லும்போது நாம் கொஞ்சம் மிகையாகப் பேசுகிறோமோ என்ற தயக்கமும் உண்டு. ஆனால் 1968இல் அத்தனை நிறுவனங்கள் மறுத்ததே அக்கருத்து வெளிப்படையானதன்று என்பதற்கு நல்ல சான்றாகாதா? மறுத்தவர்களின் வாயாலேயே காப்புரிமை நிலைபெறுகிறது!

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கைவினையில் தேர்ந்தவர்கள் இந்த மேசையைப் பெரிதும் மதிப்பதில்லை. நீண்ட சட்டத்தின் மேல் இழைப்புளியை ஓங்கித் தள்ளினால், காலை ஊன்றியிருந்தும் மேசை நகர்ந்து போகும். உயரமானவர்கள் குனிந்தே வேலை செய்ய வேண்டும். கொட்டாப்புளியால் உளியை அடித்துத் துளையிடும்போது பலகை துள்ளுகிறது. பத்து முதல் பதினைந்து கிலோவரை எடையுள்ள ஒன்றிடம் ரூபோவின் மேசையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதே மேசை, மாதிரிக்கு ஏற்ப, இருநூறு கிலோ, இருநூற்றைம்பது கிலோ சுமையைத் தாங்குகிறது. கதவின் அடிப்பகுதியைச் சீவ வேண்டுமா? கதவை நெடுக்குவாட்டில் நிறுத்தித் தாடைக்குள் கவ்வ வைத்தால் ஒருவர் தனியாகச் சீவி முடிக்கலாம். படச்சட்டத்துக்குப் பசையிட்டு முளைகளுக்கு நடுவே இறுக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். மரத்துக்கும் வெளியே போய்விட்டது அதன் புழக்கம்: குழாய் அறுக்க, மிதிவண்டிச் சட்டத்தைப் பிடிக்க, பூட்டைக் கழற்ற. தனியாக வேலை செய்கிற மனிதனுக்கு, முகம் சுளிக்காத உதவியாள். ‘ஒர்க்மேட்’ என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது: வேலைத்தோழன்.

ஹிக்மன் 1977இல் ஜெர்சித் தீவுக்குக் குடிபெயர்ந்தார். 1994இல் பிரிட்டன் அரசு அவருக்கு ஓபிஇ விருது அளித்தது. 2010இல் ஸ்டான்லி நிறுவனமும் பிளாக் அண்ட் டெக்கரும் இணைந்து ஒரே நிறுவனமாயின. 1968இல் அவரைத் தனித்தனியே திருப்பியனுப்பிய இரண்டு வாசல்களும் ஒரே வாசலானதைப் பார்க்க அவர் உயிரோடிருந்தார். 2011 பிப்ரவரி 17இல் ஜெர்சியில் காலமானார். அப்போது அந்த மேசை உலகெங்கும் ஏறத்தாழ மூன்று கோடி விற்றிருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. காப்புரிமைக் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் இன்று எந்த நிறுவனமும் இதைச் செய்யலாம், செய்கின்றன. சில மாதிரிகளில் தாடைப் பலகைகள் மூங்கிலாகிவிட்டன. இரண்டு கைப்பிடிகளும், காலை ஊன்றும் படியும் அப்படியே இருக்கின்றன.